கடலோரப் பள்ளிகளில் கடல்சார் கல்வி

கடல்வாழ் உயிர்கள், அவற்றின் வாழிடங்கள், அவற்றுக்கு நேரும் கேடுகள், காக்கும் வழிகள் ஆகியவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே கற்பிக்கும் முயற்சி கடல்சார் கல்வி எனப்படுகிறது. தமிழகக் கடற்கரையில் இது ஆய்வு நிலையங்கள், தன்னார்வலர்களின் ஆமைப் பாதுகாப்பு, நீதிமன்ற ஆணையால் வந்த சுற்றுச்சூழல் பாடம் என மூன்று வழிகளில் வளர்ந்தது. மூன்றும் வெவ்வேறு காலத்தில் தொடங்கியவை. மீனவக் குப்பத்துப் பள்ளிக்கு வந்து சேர மூன்றுமே காலதாமதம் செய்தன. இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தடையை மட்டும் அறிவித்த பாடம் கடற்கரையில் வேர்பிடிக்கவில்லை. தடைக்கான காரணத்தை விளக்கி, மீனவரின் அறிவையும் பிழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பாடமே பலன் தந்திருக்கிறது.

தொடக்கக் காலம்

சென்னைக் கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகம், கடல் உயிர்களைப் பொதுமக்களின் கண்முன் கொண்டுவந்த முன்னோடி முயற்சி. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் குறித்துச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபத்துக்கு இடம் மாறியது. ஆக, நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டியே மன்னார் வளைகுடாவின் கரையில் உயர்தர அறிவியல் இருந்தது. ஆனால் அது ஆய்வாளருக்கும் கல்லூரி மாணவருக்கும் உரியதாகவே இருந்தது. அதே கரையில் மீனவப் பிள்ளைகள் வேறொரு கல்வியைக் குடும்பத்திடம் பெற்றுக்கொண்டிருந்தார்கள். வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்தறிவதும், பார் (கடலடிப் பாறை) எங்கே சேறு எங்கே என்று கணித்து வலை விடுவதும் அந்தக் கல்வியின் பகுதிகள். இவ்விரண்டு அறிவும் ஒரே வகுப்பறையில் சந்திக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பின்னாளில் எழுந்த சிக்கல்களில் பலவற்றுக்கு இந்தப் பிரிவே காரணம்.

ஆமை நடைகளும் மாணவர்களும்

மாணவர்கள் நேரடியாகப் பங்கேற்ற முதல் பெரிய இயக்கம் சென்னையில் நடந்த ஆமைப் பாதுகாப்பு. 1970-களின் முற்பகுதியில் சென்னைப் பாம்புப் பண்ணையோடு தொடர்புடைய ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவில் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் பொரிக்கவைத்தனர். பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அடுத்தடுத்து இப்பணியைச் செய்தன. 1988-இல் அது மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பின் கைக்கு வந்தது. இன்றுவரை தன்னார்வத்தில் தொடர்கிறது. புத்தகத்தில் படித்ததைவிட, நள்ளிரவில் முட்டைக்குழியைக் கண்டெடுத்த அனுபவம் பலரை இயற்கை ஆர்வலராக்கியது. எனினும் வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து மாணவர்கள். 2002-இல் தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாகச் சேர்த்தபோது, கடற்கரையில் வாழ்வோரே காப்போராகும் மாற்றம் ஏற்பட்டது.

பாடத்திட்டத்தில் கடல்

கல்வி நிலையங்களில் சுற்றுச்சூழலைக் கற்பிக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. 2003-இல் அதைக் கட்டாயப் பாடமாக நடைமுறைப்படுத்த வலியுறுத்தியது. இடையே, 2001-02-இல் மத்திய அரசு தேசிய பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களைத் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பாடநூல் மாநிலம் முழுமைக்கும் ஒன்றுதான். தருமபுரியில் படிக்கும் பிள்ளையும் தொண்டியில் படிக்கும் பிள்ளையும் கடலைப் பற்றி ஒரே பத்தியைத்தான் வாசிக்கிறார்கள். இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்கப் பள்ளி அறிவியலில் கடலுக்கு இடமே இல்லை என்ற கவலையில்தான் அங்குள்ள அறிவியலாளரும் ஆசிரியரும் கூடி, 2005-இல் கடல் அறிவுக்கான ஏழு அடிப்படைக் கருத்துகளை வகுத்தனர். யுனெஸ்கோ அக்கருத்தைப் பிற நாடுகளுக்கும் பரப்பியது. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளைப் பெருங்கடல் அறிவியல் பத்தாண்டாக அறிவித்துள்ளது.

மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் தந்த சான்றுகள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் கடல் அட்டை, கடற்குதிரை, பவளம் ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. சட்டம் வந்தவுடன் பழக்கம் மாறவில்லை. தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டுவது தொடர்ந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகே, பவளப்பாறை கரைக்கு அரண் என்பதை மக்கள் உணர்ந்து, அத்தொழில் அடங்கியது. கடல் அட்டையின் நிலை வேறு. இந்தியக் கரையில் பிடித்தால் குற்றம். பாக் நீரிணையின் மறுபுறம் இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஒரே உயிர் இங்கே குற்றமும் அங்கே தொழிலுமாக இருப்பதை அன்றாடம் கேட்டு வளரும் பிள்ளையிடம், “பிடிக்காதே” என்ற ஒற்றை வரி எடுபடாது. கடத்தல் இன்றும் ஓயாததில் வியப்பில்லை. பவளத்தில் காரணம் புலப்பட்டது, கடல் அட்டையில் புலப்படவில்லை என்பதே வேறுபாடு.

பாக் விரிகுடாவில் ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் கதை இதற்கு வலுச்சேர்க்கிறது. இந்தியக் கடலில் சில நூறே எஞ்சியுள்ள இந்த விலங்கு முன்பு இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது. ஓம்கார் அமைப்பு தஞ்சைக் கடலோரத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கடற்புல்லையும் ஆவுளியாவையும் சேர்த்தே அறிமுகப்படுத்தியது. இந்திய வன உயிரின நிறுவனம் 2016-இல் தொடங்கிய மீட்புத் திட்டத்தில் மீனவர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் இடம்பெற்றது. ஆவுளியா கடற்புல்லை மேய்கிறது. அதே புல்வெளியில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனுவதால், ஒன்றை இழந்தால் ஈடுகட்டுவது கடினம். இப்படிச் சொல்லும்போது ஆவுளியாவின் நலனும் வலையில் விழும் மீனும் ஒரே பேச்சாகின்றன. வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்களே கடலில் விட்ட நிகழ்வுகள் பின்னர் பலமுறை பதிவாயின. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பு நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியாவை விடுவித்தவர்களுக்குப் பாராட்டும் பரிசும் கிடைத்ததும் ஒரு தூண்டுதல்தான். ஆயினும் பரிசு கிடைக்கும் என்பதை அறிந்தவரும் ஏன் காக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தால்தான் பரிசு நின்ற பிறகும் பழக்கம் நிலைக்கும்.

மறுப்புகளும் விடைகளும்

இக்கல்விக்கு எதிராக மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, குற்றம் செய்பவர் வேறு, பாடம் கேட்பவர் வேறு என்பது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் 1,000-க்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரையோரத்தில் இழுவலை இழுக்கும் விசைப்படகுகளே இத்தகைய சாவுகளுக்கு முதன்மைக் காரணமாகச் சுட்டப்படுகின்றன. ஐம்பதாண்டு ஆமை நடைகள் அதைத் தடுக்கவில்லை. இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளைக் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் நிறுத்துகிறது. அதை அமல்படுத்துவது அரசின் வேலை, எட்டாம் வகுப்பு மாணவனின் வேலையன்று. ஆனால் அந்தச் சாவுகள் எண்ணப்பட்டு, செய்தியாகி, பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரிக்கும் நிலைக்கு வந்ததற்குக் கரையில் நடந்த தன்னார்வலர்களும் காரணம். கல்வி சட்டத்துக்கு மாற்றாகாது. சட்டம் மீறப்படுவதைக் கண்டு கேள்வி கேட்பவர்களை உருவாக்கும்.

இரண்டாவது, முடிவெடுப்போர் பெரியவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயன் என்ன என்பது. அமெரிக்காவின் வட கரோலினாக் கடலோரப் பள்ளிகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. பருவநிலை மாற்றம் பற்றிப் படித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் அது குறித்த கவலை கூடியது. முன்பு அதில் அக்கறை குறைந்திருந்த தந்தையரிடம் மாற்றம் அதிகம் தெரிந்தது. மூன்றாவது, மீனவரின் மரபறிவு போதும், பள்ளிப்பாடம் தேவையில்லை என்பது. மரபறிவு பெரிது. கடற்பாசி எடுக்கும் மன்னார் வளைகுடாப் பெண்கள் மாதத்துக்கு 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாமே வரையறுத்துக்கொண்டது அதற்குச் சான்று. ஆனால் நீர் வெப்பமேறிப் பவளம் வெளுப்பதும் நுண்நெகிழி மீனின் வயிற்றில் சேர்வதும் முன்னோர் காணாதவை. அவற்றுக்கு அறிவியல் வேண்டும். அதைச் சொல்லும் ஆசிரியருக்கு மீனவரின் அறிவும் வேண்டும்.

மதிப்பீடு

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் ஆய்வு நிலையம், சட்டம், பாடநூல் ஆகியவை அனைத்தும் வந்துவிட்டன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பணியே பெரும்பாலும் தன்னார்வலர் கையில் விடப்பட்டிருக்கிறது. கடலோர மாவட்டங்களுக்கெனத் துணைப்பாடநூல் ஒன்றை ஏற்படுத்துவதும், அதை எழுதும் குழுவில் உயிரியலாளரோடு கடல்தொழில் அறிந்த மீனவரையும் பாசி எடுக்கும் பெண்களையும் உட்காரவைப்பதும், ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தின் காரணத்தை வகுப்பிலேயே விளக்குவதும் அரசு இனிச் செய்ய வேண்டியவை. தன்னார்வம் தொடங்கி வைத்ததைப் பாடத்திட்டம் ஏற்றுக்கொள்ளாதவரை, கடல்சார் கல்வி ஒரு சில ஊர்களின் நற்பேறாகவே இருக்கும்.