சோயாவும் காட்டுக்கான இழப்பீடும்: அர்ஜென்டினாவின் காடுகள் சட்டம்

1990களின் பிற்பகுதி முதல் அர்ஜென்டினாவின் வடபகுதியிலுள்ள சாக்கோ காடுகள் சோயாப் பயிருக்காகப் பெருமளவில் அழிக்கப்பட்டன. இதனைத் தடுக்க 2007இல் 26,331ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. மாகாணங்கள் தம் இயற்கைக் காடுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்த வேண்டும். முதலிரு வகைகளிலும் காடழிப்புக்குத் தடை.

தடையால் நில உடைமையாளர் இழக்கும் வருவாயை ஓரளவு ஈடுசெய்ய ஒரு நிதியமும் உருவாக்கப்பட்டது. தேசிய வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது 0.3 விழுக்காடும் வேளாண் ஏற்றுமதி வரியில் 2 விழுக்காடும் அதற்குரியன. அதில் 70 விழுக்காடு உடைமையாளரைச் சேரும். காட்டை விழுங்கிய பயிரின் வருவாயே காட்டைக் காக்கும் செலவிலும் பங்கேற்கும் ஏற்பாடு இது.

ஆயினும், அடுத்த பத்தாண்டில் எந்த ஆண்டும் ஒதுக்கீடு சட்டம் வகுத்த அளவை எட்டவில்லை. தடை முழுமையாக நின்றது. ஈடு குறைந்தே வந்தது. காடழிப்பின் வேகம் தணிந்தாலும் தடைப்பகுதிகளிலும் அது தொடர்ந்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் வலிமை அதன் விதிகளில் மட்டுமன்று, ஆண்டுதோறும் நிறைவேறும் வரவுசெலவுத் திட்டத்திலும் உள்ளது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.