கிரீடமா, தொப்பியா?

கி.பி. 614. ஜெருசலேம் விழுந்துவிட்டது. பாரசீகச் சக்கரவர்த்தி இரண்டாம் குஸ்ரூவின் படைகள் நகரத்தைச் சூறையாடின. தேவாலயங்களுக்குத் தீ வைத்தன. இயேசுவை அறைந்ததாக நம்பப்பட்ட சிலுவை மரத்தையும் விட்டுவைக்கவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டன. அங்கிருந்து பெத்லகேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. இயேசு பிறந்த இடத்தில் நிற்கும் தேவாலயத்துக்கும் அதே கதிதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அது தப்பித்துவிட்டது. 6-ம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் எழுப்பிய அந்தக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது.

எப்படி? 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு கடிதம் காரணம் சொல்கிறது. தேவாலயத்தில் ஒரு மொசைக் சித்திரம் இருந்ததாம். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகளின் சித்திரம். வீரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அட, நம்ம ஊர்க்காரர்கள்! அதே உடை, அதே சாயல். முன்னோர் முகத்தில் கைவைக்க மனசு வராமல் திரும்பிப் போய்விட்டார்களாம்.

நிஜமா, பின்னால் சேர்த்த கதையா என்று சரித்திர ஆசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. இருக்கட்டும். ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஆதி கிறிஸ்தவ ஓவியர்கள் இந்த ஞானிகளைக் கீழைநாட்டு உடையில்தான் வரைந்தார்கள். நுனி முன்பக்கம் மடிந்த தொப்பி, கால்சட்டை. ரோமாபுரியின் பாதாளக் கல்லறைகளில் இன்றும் பார்க்கலாம். ஒரு சுவரில் இரண்டு பேர். இன்னொன்றில் நான்கு பேர். யார் தலையிலும் கிரீடம் கிடையாது.

அப்படியானால் நம் கிறிஸ்துமஸ் குடில்களில் ஒட்டகத்தோடு நிற்கும் மூன்று ராஜாக்கள் யார்?

மத்தேயு சுவிசேஷத்தைப் புரட்டுங்கள். எத்தனை பேர் என்று இருக்காது. ராஜாக்கள் என்று இருக்காது. ஒட்டகமும் இருக்காது. கிழக்கிலிருந்து வந்த 'மாகோய்'. அவ்வளவுதான். பாரசீகப் புரோகிதர்களையும், நட்சத்திரம் பார்த்துப் பலன் சொல்கிறவர்களையும் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மேஜிக் என்ற வார்த்தைக்கும் அதுதான் பூர்வீகம்.

மத்தேயுவின் கதையில் கிரீடத்தோடு வருகிற ஒரே ஆள் ஏரோது மன்னன். அவன் அரண்மனைப் பண்டிதர்களுக்கு வேதம் அத்துப்படி. மேசியா எங்கே பிறப்பார் என்று கேட்டதும் 'பெத்லகேம்' என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒருத்தராவது எழுந்து போய்ப் பார்த்தார்களா? இல்லை. போனவர்கள் யார்? வேற்று நாடு, வேற்று மதம், நட்சத்திரத்தை நம்பி வந்தவர்கள். ஏரோது அனுப்பியதோ கொலைகாரர்களை. மத்தேயு சொல்லவந்தது இதுதான்.

பிறகுதான் வேலை ஆரம்பித்தது. கொண்டுவந்த காணிக்கைகள் மூன்று: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். 2-ம் நூற்றாண்டிலேயே இரேனியஸ் பொருள் சொல்லிவிட்டார். பொன், ராஜாவுக்கு. தூபம், கடவுளுக்கு. பிணத்துக்குப் பூசும் வெள்ளைப்போளம், சாகப்போகிறவருக்கு. காணிக்கை மூன்று என்றால் ஆட்களும் மூன்றுதானே? முடிந்தது கணக்கு. சிரியக் கிறிஸ்தவர்களில் சிலர் பன்னிரண்டு பேர் என்றார்கள், அது எடுபடவில்லை. பழைய ஏற்பாட்டில், 72-ம் சங்கீதத்தில் ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஏசாயாவின் 60-ம் அதிகாரத்தில் ஒட்டகம் வருகிறது. இரண்டையும் எடுத்து இங்கே ஒட்டினார்கள். ஜோசியர்களுக்கு முடிசூட்டியாகிவிட்டது.

நிஜ ராஜாக்களுக்குக் கேட்கவேண்டுமா? 1164-ல் இவர்களுடைய எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றை மிலனிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆகன் நகரில் பட்டம் சூட்டிக்கொண்ட ஜெர்மானிய மன்னர்கள் அடுத்து அங்கே போய்க் கும்பிடுவது வழக்கமானது. ஃபிளாரன்ஸில் வட்டிக்கடை வைத்து வளர்ந்த மெதிச்சி குடும்பம், தங்கள் வீட்டுச் சிற்றாலயச் சுவரில் 1459-ல் ஞானிகள் ஊர்வலத்தை வரையச் சொன்னது. வரைந்தவர் பெனோஸோ கொஸோலி. ஊர்வலத்தில் மெதிச்சி முகங்கள்!

அதே 15-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியங்களில் மூவரில் ஒருவர் கருப்பினத்தவர் ஆனார். அன்றைக்குத் தெரிந்த கண்டங்கள் மூன்று. கண்டத்துக்கு ஒரு ராஜா. உலகமே வந்து வணங்குகிறது என்று அர்த்தம். அழகான கற்பனைதான். ஆனால் 1444-ல், போர்ச்சுக்கல்லின் லாகோஸ் நகரில், 235 ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, தாயையும் பிள்ளையையும் பிரித்துப் பங்கு போட்டார்கள். சித்திரத்தில் ஆப்பிரிக்க ராஜா. துறைமுகத்தில் ஆப்பிரிக்க அடிமை. இரண்டும் ஒரே நூற்றாண்டு, ஒரே மதம்.

பெத்லகேமுக்கே திரும்புவோம். அந்தத் தேவாலயத்தின் வாசல் இன்று சுமார் 4 அடி உயரம்தான். ஒரு காலத்தில் பெரிய வாசலாக இருந்தது. குதிரையோடு உள்ளே புகுந்துவிடுகிறார்கள் என்று கல் வைத்து அடைத்துச் சின்னதாக்கினார்கள். நோக்கம் பாதுகாப்பு. பிறகு அதற்கும் ஓர் அர்த்தம் பிறந்து, பணிவின் வாசல் என்று பெயர் வந்துவிட்டது.

குனியாமல் யாரும் நுழையமுடியாது. தொப்பிக்காரர் சமாளித்துவிடுவார். கிரீடம் வைத்தவர்தான் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும்.