திருநெல்வேலிச் சந்தியின் சந்தடி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பலாலி வீதி வழியே செல்பவர், கந்தர்மடத்தைக் கடந்து பரமேஸ்வராச் சந்தியை அடைந்ததும், ஏதோ திருவிழாவினுள் நுழைந்துவிட்டோமோ என மயங்குவர். துவிச்சக்கர வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் பேருந்துகளும் ஒன்றையொன்று நெருக்கும். புத்தகத்தை மார்போடணைத்த மாணவியரும் கீரைக்கட்டுச் சுமந்த கமக்காரரும் ஒரே வீதியில் நடப்பர். ஊரவர் நாவில் ‘தின்னவேலி’ என வழங்கும் திருநெல்வேலி இதுவே.

பெயரில் நெல் உண்டு. ஆயினும் ஊரை வளர்த்தது தோட்டமே. சுண்ணாம்புக் கற்பாறையின் மேற் படிந்த செம்மண்ணும், பாறையைக் குடைந்து தோண்டிய கிணறுமே இவ்வூரார் முதுசொம். இறைப்பு இயந்திரம் வருமுன் துலா மிதித்து நீரிறைத்தனர். புகையிலை, வெங்காயம், மிளகாய், கத்தரி, மரவள்ளி என மண் ஈந்தவற்றைக் கடகத்திற் சுமந்து சந்தைக்குக் கொணர்ந்தனர். கோண்டாவில், உரும்பிராய் முதலிய அயலூர்த் தோட்டங்களின் விளைவும் இச்சந்தையையே நாடி வரும். விடியற்காலையில் அங்கு நின்று விலை பேசுவதைக் கேளாதவர் இவ்வூரைக் கண்டவராகார்.

கல்வி இவ்விரைச்சலுக்கு அஞ்சி ஒதுங்கவில்லை. மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டிற் பெண்களுக்கெனக் கல்லூரி கண்ட சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1921இல் ஆண்களுக்கெனப் பரமேஸ்வராக் கல்லூரியை இங்கு நிறுவினார். சைவச் சூழலில் உயர்ந்த ஆங்கிலக் கல்வி என்பதே அவர் நோக்கம். இங்கிருந்த சைவாசிரிய கலாசாலையிற் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை போதித்தார், கலாசாலை வீதி என்னும் பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகின்றது. 1974 ஒக்டோபரில் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்திலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவர். 1979 ஜனவரி 1 முதல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதற் துணைவேந்தரானார். இராமநாதன் எழுப்பிய சிவன் கோயில் இன்றும் பல்கலைக்கழக வளாகத்தினுள்ளேயே இருப்பதை விருந்தினர் காணத் தவறலாகாது.

ஆயின், இவ்வூரின் பெயரை உலகறிந்தது கல்வியாலன்று. 1983 ஜூலை 23 இரவு, திருநெல்வேலியிற் பலாலி வீதியில் நிகழ்ந்த தாக்குதலில் 13 படையினர் மாண்டனர். மறுநாள் ஊரிலும் அயலிலும் பொதுமக்கள் பலர் படையினராற் கொல்லப்பட்டனர். கொழும்பிலே மூண்ட வன்செயல் நாடெங்கும் பரவித் தமிழரின் உயிரையும் உடைமையையும் விழுங்கியது. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப் படையினர் பல்கலைக்கழகச் சூழலில் வானிலிருந்து இறங்க, அறிவுச்சாலை போர்க்களமாயிற்று. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அவ்வேளை இச்சந்தியில் விலை கூறவும் ஆளில்லை, விலை கேட்கவும் ஆளில்லை. இன்று வண்டிகளின் ஒலிக்கு முகஞ்சுளிக்கும் விருந்தினர் அந்த மௌனத்தைக் கேட்டவரல்லர்.

1996இல் மக்கள் மீளத் தொடங்கினர். தோட்டங்கள் மீண்டும் கொத்தப்பட்டன. விரிவுரைகளும் மெல்ல மெல்லத் தொடர்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்து வரும் மாணவர்க்கு அயல் வீடுகள் அறை கொடுத்தன. மாலையில் விரிவுரை முடிந்ததும் அம்மாணவர் சிலர் சந்தைக்கு வருவர். வாடத் தொடங்கிய கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுவர். விற்கும் ஆச்சியோ, “படிக்கிற பிள்ளைதானே” என்று இன்னுமொரு பிடியைச் சேர்த்துக் கொடுப்பார்.