பேச்சு போன பின்னும் பாட்டு

பக்கவாதம் தாக்கிய பெரியவர் ஒருவர், “தண்ணீர்” என்று சொல்ல வாயெடுத்துச் சொல் வராமல் தவிப்பதுண்டு. அதே பெரியவர் தாம் இளமையில் கற்ற பாட்டைச் சொல் பிசகாமல் பாடிவிடுவதும் உண்டு. இது எப்படி முடிகிறது? ஏறக்குறைய 280 ஆண்டுகளாக அறிஞர்களைச் சிந்திக்க வைத்த கேள்வி இது.

1745-இல் ஸ்வீடன் நாட்டு ஓலோஃப் டாலின் என்பவர், வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் இழந்த ஒருவர் வழிபாட்டுப் பாடல்களை நன்கு பாடியதைக் குறித்து வைத்தார். காரணம் அன்று விளங்கவில்லை. 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, “டான்” என்ற ஓரசையன்றி வேறு பேச இயலாதிருந்த நோயாளி இறந்ததும், அவருடைய மூளையை ஆராய்ந்தார். அதன் இடப்புற முன்பகுதி பழுதுபட்டிருந்தது. பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

நீங்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளும் தனித்தனி அரண்கள். ஆயினும் நீண்ட மதில் அவற்றை இணைக்கிறது. ஓர் அரண் வீழ்ந்தால் மற்றவை உடனே வீழ்வதில்லை. மூளையும் ஓரளவு அப்படித்தான். பெரும்பாலோர்க்குப் பேச்சு இடப்பாதியைச் சார்ந்தது. இசையிலோ வலப்பாதிக்கும் பெரும்பங்கு உண்டு. இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ இடப்பாதி பழுதுபட்டாலும், இசை தப்பிப் பிழைக்கலாம்.

இதற்குச் சான்று, மாஸ்கோ இசையமைப்பாளர் விஸாரியோன் ஷெபாலின். 1953-இலும் 1959-இலும் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் மிகக் கடினமாயின. எனினும் 1962-இல் தம் ஐந்தாம் சிம்பொனியை எழுதி முடித்தார். மறு ஆண்டு மறைந்தார். அவரை ஆராய்ந்த உளவியலறிஞர் லூரியாவும் உடன் பணியாற்றியோரும் 1965-இல் அவ்வரலாற்றை வெளியிட்டனர்.

ஓவியர்களின் நிலை என்ன? ஜெர்மானிய ஓவியர் லோவிஸ் கோரிந்த் 1911 டிசம்பரில் பக்கவாதத்திற்கு உள்ளானார். இடப்பக்கம் தளர்ந்தது. மனைவியின் துணையோடு மீண்டும் தூரிகை ஏந்தினார். முன்னிருந்த நேர்த்தியான கோடுகள் தளர்ந்து, வேகமும் உணர்ச்சியும் மிக்க தீட்டல்கள் தோன்றின. அவருடைய சிறந்த படைப்புகள் பல இக்காலத்தவை என்பர்.

எல்லோர்க்கும் இவ்வாறு நிகழ்வதில்லை. 2000-இல் பக்கவாதத்திற்கு ஆளான கொல்கத்தா ஓவியர் பிகாஷ் பட்டாச்சார்ஜி, 2006-இல் மறையும்வரை பழையபடி தீட்ட இயலாதவராகவே இருந்தார். எப்பகுதி பழுதுபட்டது, எவ்வளவு பழுதுபட்டது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

எஞ்சி நிற்கும் கலையைக் கொண்டு இழந்ததை மீட்க முடியுமா? 1973-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டனர். “தண்ணீர் வேண்டும்” போன்ற சிறு தொடரை ஏற்ற இறக்கமாக இராகமிட்டுப் பாட வேண்டும். அசைக்கு ஒரு தட்டாக இடக்கையால் தாளம் போட வேண்டும். பின்னர் இராகத்தைப் படிப்படியாகக் குறைத்து இயல்பான பேச்சுக்கு வர வேண்டும். சிலர்க்கு இது நல்ல பயன் தருகிறது, சிலர்க்குத் தருவதில்லை. மருந்துக்கும் உடற்பயிற்சிக்கும் இது துணையேயன்றி மாற்று அன்று.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் நான்கரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டும். உயிர் பிழைத்து வீடு திரும்பியவர் கூத்துப் பாடியவரானால், பேச்சு வரவில்லையே என்று அவரை மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் அறிந்த பாட்டின் முதலடியை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அடுத்த அடி அவரிடமிருந்து வரக்கூடும்.