ஒரு கையும் ஒரு பையும்

திருவண்ணாமலையில் யாருக்காவது புற்றுநோய் என்றால் ரமண மகரிஷியின் பேச்சு வராமல் இராது. சென்ற வருஷம் என் மாமாவுக்கு மூத்திரப்பையில் அந்த வியாதி கண்டபோதும் வந்தது.

"பகவானே கையை வெட்ட விடலை. நான் மட்டும் பையைக் கொடுக்கணுமாடா?" என்றார் மாமா.

எனக்குப் பழைய சங்கதியைத் துருவிப் பார்க்கத் தோன்றியது. மகரிஷியின் இடது முழங்கைப் பக்கம் பட்டாணியளவுக் கட்டி ஒன்று கிளம்பிற்று. 1949 பிப்ரவரியில் ஆசிரம டாக்டர் அதை அகற்றினார். விரைவிலேயே மீண்டும் முளைத்தது. மார்ச்சில் மறுபடி அறுத்தார்கள். சார்கோமா என்று தெரிந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் இணங்கவில்லை. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மீண்டும் கத்தி. ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு அவர் மறைந்தார்.

ஆக, மாமா சொன்னது பாதிதான் உண்மை. மகரிஷி கையைக் கொடுக்க மறுத்தாரே தவிர, நான்கு முறை அந்தக் கையைக் கத்திக்கு நீட்டியிருக்கிறார். இதை மட்டும் நாம் ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

மாமாவின் கட்டி பையின் உள்சவ்வைத் தாண்டி, தசையை எட்டாமல் நின்றிருந்தது. ஆனால் பொல்லாத ஜாதி. விட்டால் உள்ளே இறங்கிவிடும். மூத்திர வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டினார்கள். சில வாரம் கழித்து இன்னொரு தரம். அதன் பிறகு இரண்டு வழி. பையை முழுசாக எடுத்துவிட்டுக் குடல் துண்டு ஒன்றைக் கொண்டு சிறுநீருக்கு வேறு பாதை அமைப்பது ஒன்று; மற்றது பி.சி.ஜி.

நான் சிரித்துவிட்டேன். காசநோய் வராமலிருக்கக் குழந்தைகளுக்குக் குத்துகிறார்களே, அதேதான்! பிரான்சில் 1921ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து. கிண்டியில் 1948ல் அதற்கென ஓர் ஆய்வுக்கூடமே ஏற்பட்டது. 1955ல் ராஜாஜி அந்த ஊசியை எதிர்த்துப் பிரசுரம் போட்டார். கானடாவில் மொராலஸ் என்ற டாக்டர் அதை ஒன்பது நோயாளிகளின் மூத்திரப்பைக்குள் செலுத்திப் பார்த்து 1976ல் விவரம் வெளியிட்டார். வீரியம் குறைந்த உயிருள்ள கிருமி அது. அதை விரட்ட ஓடிவரும் உடம்பின் காவல்காரர்கள் புற்றையும் சேர்த்து அடிக்கிறார்கள்.

வாரம் ஒரு தரமாக ஆறு வாரம். குழாய் வழியே விட்டதை இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். பலன் கண்டால், பிறகு விட்டு விட்டு மூன்று வருஷம் வரைக்கும். எரிச்சலும் ஜுரமும் வரலாம். இதற்கும் அடங்காவிட்டால் பையை எடுப்பதில் தாமதம் உதவாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

மாமா பி.சி.ஜி.க்குச் சம்மதித்தார். மூன்றாவது வாரம் மருந்து அகப்படாமல் நான் சென்னை முழுக்க அலைந்து, ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவந்தேன். ஆறு வாரமும் ஆயிற்று. பீடியையும் விட்டுவிட்டார், ஐம்பது வருஷம் கழித்து.

வருகிற மாதம் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். மறுபடி தெரிந்தால் பையைக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார் மாமா இப்போது.