பணிப்பெண்ணின் கதையும் உருமேனியாவின் ஆணை 770-உம்

'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' என்பது கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் எழுதி 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நாவல் ஆகும். இதன் தலைப்பைத் தமிழில் 'பணிப்பெண்ணின் கதை' எனலாம். டிஸ்டோபியா எனப்படும் இருண்ட உலகைக் காட்டும் புனைவுகளில், பெண்ணின் உடல்மீது அரசு செலுத்தும் ஆதிக்கத்தைப் பற்றி மிகப் பரவலாக வாசிக்கப்படும் நூல்களுள் இது ஒன்று. எனினும் இதை வெறும் எதிர்காலக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதர்கள் எங்கேனும் எப்போதேனும் உண்மையில் செய்திராத எதையும் கதையில் சேர்ப்பதில்லை என்று அட்வுட் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டு எழுதினார்.

1984 ஆம் ஆண்டில், சுவரால் பிரிக்கப்பட்டிருந்த மேற்கு பெர்லினில் தங்கியிருந்தபோது அவர் இந்நாவலைத் தொடங்கினார். கிழக்கு ஜெர்மனிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அப்போது சென்றுவந்தார். நாவல் தொடர்பான செய்தித்தாள் நறுக்குகளையும் சேர்த்து வைத்தார்.

கதையில் அமெரிக்க அரசு கவிழ்க்கப்பட்டு, கிலியட் என்ற மதவாத ஆட்சி அமைகிறது. பிறப்பு குறைந்துவிட்ட அந்நாட்டில், கருத்தரிக்கக் கூடிய பெண்கள் உயர் அதிகாரிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர அனுப்பப்படுகிறார்கள். கதைசொல்லியின் பெயர் ஆஃப்ரெட். 'பிரெட்டுக்கு உரியவள்' என்பதே அதன் பொருள். அவளது சொந்தப் பெயர் பறிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஒடுக்குமுறை அங்கே தொடங்கவில்லை. அதற்கு முன்பே ஒரே நாளில் பெண்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களது வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன. பிறகு வாசிப்பும் தடை செய்யப்பட்டது. கடைப் பலகைகளில் எழுத்து மறைக்கப்பட்டு, படங்கள் மட்டுமே மிஞ்சின. பள்ளிக்கூடம் இல்லாமலே ஒரு தலைமுறையை எழுத்தறியாதவர்களாக ஆக்கும் வழி இது.

ஆணை 770

நாவலுக்குப் பின்னணியான வரலாற்று நிகழ்வுகள் பல. நாஜி ஜெர்மனியின் 'லெபன்ஸ்போர்ன்' திட்டமும், அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சியில் சிறைப்பட்ட பெண்களின் குழந்தைகள் களவாடப்பட்டதும் அவற்றுள் அடங்கும். ஆயினும் கிலியட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உருமேனியாவே மிகவும் பொருத்தமானது.

உருமேனியாவில் 1957 முதல் கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. கருத்தடைச் சாதனங்கள் அரிதாக இருந்ததால், குடும்பத்தை அளவோடு வைத்துக்கொள்ளப் பெண்கள் பெரும்பாலும் இதையே நம்பியிருந்தனர். பிறப்பு விகிதம் சரிந்தது. நாட்டுக்குத் தொழிலாளர்கள் வேண்டும் என்று கருதிய நிக்கொலாய் சௌசெஸ்குவின் அரசு, 1966 அக்டோபரில் ஆணை 770-ஐப் பிறப்பித்தது. 45 வயதைக் கடந்தவர்கள், நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்கள், உயிராபத்தில் இருப்பவர்கள், வன்புணர்வுக்கு ஆளானவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் கருக்கலைப்பு குற்றமாக்கப்பட்டது. 25 வயதைத் தாண்டியும் பிள்ளை இல்லாதவர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டியதாயிற்று.

1966-இல் ஏறத்தாழ 2.74 இலட்சமாக இருந்த பிறப்புகள் 1967-இல் ஏறத்தாழ 5.28 இலட்சமாக உயர்ந்தன. மகப்பேறு மருத்துவமனைகளில் கட்டில்கள் போதவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிகளில் பெஞ்சுகள் போதவில்லை. ஆனால் உயர்வு நிலைக்கவில்லை. பெண்கள் இரகசிய வழிகளைத் தேடிக்கொண்டதும் பிறப்பு விகிதம் மீண்டும் இறங்கியது.

அப்போது அரசு கண்காணிப்பை இறுக்கியது. 1980-களில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்த பெண்களுக்குக் கட்டாய மகளிர் மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட்டது. கரு உருவானது பதிவாகிவிட்டால், பிறகு பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அரைகுறைக் கருக்கலைப்பால் இரத்தப்போக்குடன் மருத்துவமனைக்கு வந்த பெண்ணிடம், செய்தவர் யார் என்று அதிகாரிகள் விசாரித்தார்கள். அவள் பெயரைச் சொல்லும்வரை சிகிச்சை தாமதப்படுத்தப்பட்டதும் உண்டு. உதவினால் மருத்துவருக்குச் சிறை. உதவாவிட்டால் நோயாளிக்குச் சாவு. பலர் வாய் திறக்காமலே இறந்தனர். ஆணை நடப்பிலிருந்த 23 ஆண்டுகளில் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இறந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. 1989-இல் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 170 தாய்மார் இறந்தனர். ஐரோப்பாவில் இதுவே மிக உயர்ந்த விகிதம். வளர்க்க முடியாமல் விடப்பட்ட பிள்ளைகளால் அரசு இல்லங்கள் நிரம்பின.

கிலியட் மத நூலைக் காட்டி ஆண்டது. உருமேனிய அரசோ கடவுள் மறுப்புக் கட்சியின் அரசு. நாவலை மதவெறியைப் பற்றிய எச்சரிக்கையாக மட்டும் வாசிப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகின்றனர். மத நூலும் ஐந்தாண்டுத் திட்டமும் சொல்லும் காரணங்கள் வேறு. பெண்ணை ஒரு பிறப்பு எண்ணிக்கையாகப் பார்ப்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

நாவலின் கடைசிப் பகுதி

ஆஃப்ரெட்டின் கதை முடிந்தபின் 'வரலாற்றுக் குறிப்புகள்' என்ற பகுதி வருகிறது. 2195-இல் நடக்கும் ஓர் ஆய்வரங்கில் பேராசிரியர் ஒருவர் கிலியட்டைப் பற்றி உரையாற்றுகிறார். கிலியட்டுக்கு முன்பே இத்தகைய சட்டங்களை உருமேனியா கொண்டுவந்ததை அவர் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். வேடிக்கைப் பேச்சுக்கு அவையினர் சிரிக்கிறார்கள். அப்பெண் யார், பிறகு என்ன ஆனாள் என்பதைவிட, அவளை வைத்திருந்த அதிகாரி யார் என்று கண்டுபிடிப்பதிலேயே பேராசிரியருக்கு ஆர்வம் மிகுதி. வரலாறு எழுதுவோரை அட்வுட் இதைவிடக் கடுமையாகக் குத்திக்காட்டியிருக்க முடியாது.

நாவல் வெளிவந்தபோது ஆணை 770 நடைமுறையில்தான் இருந்தது. 1989 டிசம்பர் 25-இல் சௌசெஸ்குவும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாளே புதிய அரசு அந்த ஆணையை நீக்கியது. ஓராண்டுக்குள் தாய்மார் இறப்பு விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அந்தப் புரட்சியில் தெருவில் இறங்கிய இளைஞர்களில் பலர் ஆணையால் பிறந்தவர்கள். 'ஆணைப் பிள்ளைகள்' என்றே நாட்டில் அழைக்கப்பட்டவர்கள். 1968-இல் பிறந்த கிறிஸ்டியன் முஞ்சியுவும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே. 1987-இல் ஒரு கல்லூரி மாணவி தோழியின் துணையுடன் இரகசியமாகக் கருக்கலைப்புச் செய்துகொள்ளும் ஒரு நாளை அவர் திரைப்படமாக எடுத்தார். '4 மாதங்கள், 3 வாரங்கள், 2 நாட்கள்' என்ற அந்தப் படம் 2007-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது.