எளிய நூலும் பெருநூலும்

ஒரு வீட்டில் எத்தகைய நூல்கள் இருக்கின்றன என்பது சிறு செய்தியன்று. ஒரு மாளிகையில் இருந்த இரண்டு நூல்களும், அங்கே இல்லாமற்போன சில நூல்களும் திருச்சபை வரலாற்றின் போக்கையே மாற்றியதுண்டு.

1521-ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டுப் பாம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்த இஞ்ஞாசியார், லொயோலாவில் தம் குடும்ப மாளிகையில் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். பொழுதைக் கழிக்க வீரமும் காதலும் கலந்த கதைகளைக் கேட்டார். அன்றைய மக்கள் விரும்பிப் படித்த நூல்கள் அவையே. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட அம்மாளிகையில் அகப்படவில்லை. கிடைத்தவை இரண்டு. ஒன்று, சாக்சனி நாட்டு லுடால்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை. மற்றொன்று, யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த புனிதர் வரலாறுகளின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. வேறு வழியின்றி அவற்றைக் கையிலெடுத்தார்.

படிக்கப் படிக்க ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. வீரக் கதைகளை எண்ணியபோதும் மகிழ்ச்சி பிறந்தது. புனிதர்களை எண்ணியபோதும் மகிழ்ச்சி பிறந்தது. ஆனால் முன்னைய எண்ணம் அகன்றதும் நெஞ்சம் வறண்டது. பின்னைய எண்ணம் அகன்ற பின்னரும் நிறைவு நிலைத்தது. ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் பற்றி அவர் பின்னாளில் கற்பித்ததன் தொடக்கம் இதுவே. நூல்களை அளப்பதற்கும் இதைவிடச் சிறந்த அளவுகோல் ஏது? நூலின் வயதும் புகழும் ஒருபுறம் இருக்க, அதை மூடி வைத்த பின் நம்முள் எஞ்சுவது என்ன என்று கேட்பதே முறை. அதற்காகப் பழைய வீரக் கதைகள் முற்றும் வீணாயின என்றும் சொல்வதற்கில்லை. அவர் இயற்றிய ஆன்மீகப் பயிற்சிகளில், போருக்கு அழைக்கும் அரசனும் அவனைப் பின்பற்றும் வீரனும் கிறிஸ்துவின் அழைப்பை விளக்கும் உருவகமாக வருகின்றனர். எளிய கதையில் பயின்ற கற்பனையை இறைவன் வேறொரு பணிக்கு எடுத்துக்கொண்டார் எனலாம்.

இஞ்ஞாசியார் படித்தது போன்ற புனிதர் வரலாற்றுத் தொகுதிகளுக்கு ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் 'புளோஸ் சாங்தோரும்', அதாவது 'புனிதர்களின் மலர்' என்ற பெயர் வழங்கிற்று. அவர் நிறுவிய சபையின் துறவி ஒருவரே அதே பெயருடைய நூலொன்றைத் தமிழில் அச்சேற்றினார் என்பது நாம் எண்ணி மகிழத்தக்க செய்தி. 1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் உழைத்து, 1600-இல் மறைந்த அண்டிரிக் அடிகளாரே அவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' என்னும் புளோஸ் சாங்தோரும் 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. கடலோடியும் முத்துக் குளித்தும் வாழ்ந்த மக்களுக்காகவே இவை எழுதப்பட்டன. பேச்சுத் தமிழின் சாயல் நிறைந்த அந்த உரைநடையைப் புலவர்கள் மெச்சியிருக்கமாட்டார்கள். ஆயினும் இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சுக் கண்ட மொழி தமிழ் என்ற பெருமை அச்சிறு நூல்களால் வந்ததன்றோ?

அவற்றின் பின்கதை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மக்களின் கைகளில் தவழ வேண்டிய அந்நூல்கள் நம் நாட்டில் மறைந்தே போயின. தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது; அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. தனிநாயகம் அடிகளார் போன்றோர் அயல்நாட்டு நூலகங்களில் தேடிக் கண்டு எழுதிய பின்னரே தமிழுலகம் இவற்றை அறிந்தது. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியையும் தனிநாயகம் அடிகளாரே 1966-இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். 1586-இல் அச்சான அடியார் வரலாற்றை இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் பதிப்பித்தார். இடையே ஏறக்குறைய நானூறு ஆண்டுகள்! நூல்கள் நெருப்பினாலும் கரையானாலும் மட்டும் அழிவதில்லை. படிப்பார் இல்லாமையாலும் அழிகின்றன.

எளிய நூலா, உயர்ந்த நூலா என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. கற்றோர் சிலர் மக்கள் விரும்பும் நூலை இகழ்கின்றனர். மக்களோ பெருநூல் நமக்கு எட்டாது என ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வழக்குக்கு நம் மரபிலேயே தீர்ப்புச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் வீரமாமுனிவர்.

இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழகத்திற்கு வந்த இம்முனிவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு மற்றோர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். தம்மோடு சமய வாதம் புரிந்த லூத்தரன் சபையாரே அவரது கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டனர். நல்ல நூல் வேலி தாண்டும் என்பதற்கு இது சான்று. அவர் இரு தமிழுக்கும் இலக்கணம் வகுத்ததோடு நில்லாமல், இரு வகையாருக்கும் இலக்கியமும் படைத்தார். 3615 பாடல்களாலான தேம்பாவணி ஒருபுறம். பரமார்த்த குருவின் கதை மறுபுறம். இரண்டும் ஒரே கையின் ஆக்கங்கள்.

தேம்பாவணியின் தலைவர் புனித சூசையப்பர். நற்செய்தி நூல்களில் அவர் பேசிய சொல் ஒன்றேனும் பதிவாகவில்லை. பேசாத அந்தத் தச்சருக்கு மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் கொண்ட காப்பியம் எழுந்ததை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது. பரமார்த்த குருவின் சீடரோ ஐந்து அறிவிலிகள். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்ப்பவர்கள். கரையேறிய பின், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவரை ஆறு விழுங்கிற்று என அழுபவர்கள். குழந்தைகள் கேட்டுச் சிரிக்கும் கதைதான். ஆனால் மறையுரை கேட்கும்போது, இது இன்னாருக்குத்தான் பொருந்தும் எனக் கோவில் முழுவதையும் எண்ணி, நம்மை மட்டும் எண்ணாமல் விடுகிறோமே, அப்போது நாம் யார்? சிரிப்பு அடங்கியதும் எழும் இக்கேள்வியே அந்நூல் நம்முள் விட்டுச் செல்வது. இக்கதை 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சாயிற்று. தேம்பாவணி அச்சேறியது அதற்கும் பின்னர், 1851 முதல் 1853 வரை, புதுச்சேரியில். எளிய நூல் முன்னே நடந்தது; பெருநூல் பின்னே வந்தது.

ஞானசௌந்தரியின் கதையையும் நாம் மறத்தலாகாது. கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட மங்கை, தேவதாயின் அருளால் அவற்றை மீண்டும் பெறும் இக்கதை, ஐரோப்பிய நாட்டார் கதையொன்றின் தமிழ் வடிவம். அம்மானையாகவும் நாடகமாகவும் பரவி, 1948-இல் திரைப்படமாகவும் வந்தது. எழுத்தறியா மக்களும் கேட்டு உருகிய இலக்கியம் இது. துன்புறும் பெண்ணை இறைவன் கைவிடான் என்னும் நம்பிக்கையை இறையியல் நூல்கள் எட்டாத வீடுகளுக்கும் இது கொண்டு சேர்த்தது.

குருக்கள் எழுதப் பொதுநிலையினர் படிப்பது என்னும் முறையை மாற்றியவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழில் உரைநடை நூல்கள் போதவில்லை என்னும் குறையைக் கண்டு, பொதுநிலைக் கத்தோலிக்கராகிய அவர் 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய அது நகைச்சுவையும் கிளைக்கதைகளும் மலிந்தது. ஆயினும் ஆண் வேடமிட்டு அரசு புரியும் ஞானாம்பாளைப் படைத்து, பெண்ணின் அறிவாற்றலைத் தமிழ் வாசகருக்கு அவர் காட்டினார். அன்று வெகுமக்கள் நூலாகப் பிறந்தது இன்று செவ்வியல் நூலாகப் போற்றப்படுகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள கோடு எத்துணை மெல்லியது!

எதைப் படிக்கலாம் என்று தீர்மானிப்பவர் யார்? 1559-இல் உரோமையில் முதன்முதல் வெளியான தடை நூல் பட்டியல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தபின், 1966-இல் சட்ட வலிமை இழந்தது. பயிற்சி பெற்ற மனச்சான்றோடு தெரிந்தெடுக்கும் பொறுப்பு அன்று முதல் இறைமக்களின் கையில் வந்தது. அந்த உரிமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? தடை செய்யப்பட்ட நூலைத் திருட்டுத்தனமாகப் படித்த காலம் போய், தடையற்ற நூலையும் தீண்டாத காலம் வந்துவிடுமோ என அஞ்ச வேண்டியிருக்கிறது. பங்கு நூலகத்தின் அலமாரிக்குப் பூட்டு எதற்கு? திருடர் வருவர் என்றா, வாசகர் வரார் என்றா?

வீட்டில் ஒரு சிறு அலமாரி அமைப்போம். விவிலியத்தின் அருகே பரமார்த்த குருவும் பிரதாப முதலியாரும் இருக்கட்டும். பிள்ளைகள் முதலில் அவற்றை எடுக்கட்டும். பக்கத்திலேயே அடியார் வரலாறும் தத்துவ போதகரின் ஞானோபதேசமும் தேம்பாவணியும் இருக்கட்டும். தவக்காலத்தில் தேம்பாவணியின் ஒரு படலம், உரையோடு, குடும்பமாகப் படித்தால் போதும். முழுவதும் முடிக்க ஓராண்டோ பத்தாண்டோ ஆகலாம். லொயோலாவில் நோயுற்றுக் கிடந்தவருக்குக் கேட்ட நூல் கிடைக்கவில்லை. ஆனால் படிக்க நூல் இருந்தது. நம் வீட்டில் ஒருவர் நோயுற்றோ மனம் சோர்ந்தோ கிடக்கும் நாளில், அவர் கைநீட்டும் தொலைவில் ஏதேனும் ஒரு நூல் இருக்குமா?